வீட்டில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் செத்துவிடாது

ரொம்ப நாளாக மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வருஷம் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அப்போது இரண்டாம் வகுப்பு. டீச்சரம்மா நல்லவர்தான், சிரித்த முகம். "கணக்கில் கெட்டி. இங்கிலீஷில்தான் தயங்குகிறாள். வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டார். தமிழ் என்றோம். வீட்டில் எலித்தொல்லை இருக்கிறது என்று சொன்ன மாதிரி அவர் முகம் மாறியது. "இனிமேல் வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள். மூன்றே மாதத்தில் வித்தியாசம் தெரியும்" என்று மருந்துச் சீட்டு எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

பெங்களூரில் குடித்தனம் செய்யும் தமிழ்க் குடும்பங்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். யாரும் தூக்க மாட்டீர்கள், தெரியும்.

நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். தங்கமணிக்கு அரை மனசு. எனக்கு முழு மனசு. ஆபீசில் பதினைந்து வருஷமாக அமெரிக்காக்காரனோடு போனில் பேசிப் பொட்டி தட்டுகிறவன், எனக்கு வராத இங்கிலீஷா என்ற நினைப்பு. அன்று இரவிலிருந்தே சட்டம் அமல். வாசல்படி தாண்டினால் தமிழ் கூடாது.

முதல் நாள் என் வாயிலிருந்து வந்த வாக்கியம் இது: "ஹேவ் யூ கம்ப்ளீட்டட் யுவர் ஹோம்வொர்க்? ப்ளீஸ் ஃபினிஷ் இட் பை எய்ட்." கடைசியில் 'ரிகார்ட்ஸ்' போட்டுக் கையெழுத்து வைக்காததுதான் பாக்கி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பூராவும் ஆபீஸ் இங்கிலீஷ். ஸ்டேட்டஸ் கேட்கத் தெரியும். ஃபாலோ அப் பண்ணத் தெரியும். காய்ச்சலில் அனத்துகிற குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே பேசுவதற்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது.

தங்கமணி பாடு இன்னும் மோசம். போனில் தங்கச்சியோடு பேச ஆரம்பித்தால் ஒரு கல்யாண வீட்டையே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறவள். இங்கிலீஷ் பேப்பர் தடங்கல் இல்லாமல் படிப்பாள். ஆனால் பிள்ளையிடம் பேச அவளிடம் மிஞ்சியது நாலே வார்த்தை: கம், ஈட், ஸ்லீப், டோன்ட். நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள்.

பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே யார் விழுந்தான், யார் யாரோடு டூ விட்டாள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வருகிற பெண், முதல் வாரம் "டுடே குட்" என்றாள். இரண்டாம் வாரம் அதுவும் இல்லை. நேராகப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது வாரம் கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்தாள். பேத்திக்குக் கடலைமிட்டாய், சீவல், சொல்வதற்கு ஒரு மூட்டை கதை. பேத்தி விரலை உதட்டில் வைத்து, "ஆச்சி, இங்க்லிஷ் ஒன்லி" என்றாள். அம்மா சிரித்தாள். அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் சாயங்காலம் பால்கனியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"நான் ஊருக்குப் போறேன் தம்பி. நான் வாயத் தொறந்தா புள்ளைக்குப் படிப்பு கெட்டுப்போவும்னு சொல்லுதாளே. எதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தன்னால் பேத்திக்குக் கெடுதல் என்று நம்பிவிட்டாள். அன்று இரவே சட்டம் ரத்து.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் அபார்ட்மென்டில் மட்டும் எனக்குத் தெரிந்து ஐந்தாறு தமிழ் வீடுகளில் இதே சட்டம் இன்னமும் அமலில் இருக்கிறது. ஆகவே மேட்டருக்கு வருகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நமக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது? வீட்டில் அப்பா அம்மா பேசியா வந்தது?

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். 'திஸ் இஸ் எ பென்' கும்பல்தான். ப்ரிபொசிஷன் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக மனப்பாடம். முழு மார்க். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கிளையண்டுக்கு ஒரு மெயில் போட்டேன், லாக் ஃபைல்களை 'அன்ட்டில் ஃப்ரைடே' அனுப்பி வையுங்கள் என்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவை வந்தால் போதும் என்று என் எண்ணம். அந்தப் புண்ணியவான் தினமும் ஒன்று வீதம் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருந்தான். டீமே சிரித்தது. காது சிவந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு இந்த ஜென்மத்தில் 'பை'யும் 'அன்ட்டி'லும் எனக்குக் குழம்பியதே இல்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேறு, வெள்ளிக்கிழமை வரை வேறு. நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். 'க்குள்' என்றால் 'பை', 'வரை' என்றால் 'அன்ட்டில்' என்று ஆறாம் வகுப்பில் ஒருத்தர் தமிழில் சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வந்தால் தீட்டு.

இன்னொன்று. 'எ', 'தி' எங்கே போடுவது என்று தமிழனுக்குச் சாகும் வரை சந்தேகம். தமிழில் அப்படி ஒன்று இல்லை, அதனால்தான் வரவில்லை என்பார்கள். இல்லையா? "புத்தகம் வாங்கினேன்" என்கிறோம். "புத்தகத்தை வாங்கினேன்" என்கிறோம். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். இங்கிலீஷ்காரன் 'தி' போட்டுச் செய்கிற வேலையில் ஒரு பங்கை நாம் 'ஐ' வைத்துச் செய்கிறோம். எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாதுதான். ஆனால் அந்த வித்தியாசம் நம் பிள்ளை மண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுத் தமிழ் போட்டு வைத்த அஸ்திவாரம் அது. அதைத் தோண்டி எறிந்துவிட்டு மேல்மாடி கட்டச் சொல்கிறார்கள்.

நான் ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரு மொழியில் ஆழமாகக் கற்றது இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எழுதினார். முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் பாடம் சொல்லுங்கள் என்று 2020ன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு கதை.

இவர்களையெல்லாம் விடுங்கள். நம்ம பெங்களூரிலேயே ஒரு கதை இருக்கிறது. அதே 1979ல் தொடங்கி 1984 வரை நடந்தது. என்.எஸ்.பிரபு என்ற மொழியாசிரியர். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். இங்கே பெங்களூரில் 1963ல் தொடங்கிய தென்னிந்திய ஆங்கில வட்டார நிறுவனத்தோடு சேர்ந்து, தென்னிந்தியாவின் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரீட்சார்த்த முயற்சி செய்தார். மொழி கற்பித்தல் உலகில் இன்றும் 'பெங்களூர் திட்டம்' என்றால் இதுதான்.

அதுவரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது நம்ம 'திஸ் இஸ் எ பென்' வைத்தியம். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி உருப்போட வைப்பது. பிரபு அதை மொத்தமாகத் தூக்கி ஓரமாக வைத்தார். இலக்கணப் பட்டியல் இல்லை. உருப்போடுவது இல்லை. அதற்குப் பதில் வேலை. ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுத்து இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குப் போக எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்வது. முதலில் டீச்சரும் வகுப்பும் சேர்ந்து ஒன்றைச் செய்வார்கள். பிறகு அதே மாதிரி ஒன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். மனசு பூராவும் வண்டியைப் பிடிப்பதில் இருக்கும். மொழி பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அர்த்தத்தில் கவனம் இருக்கும்போதுதான் இலக்கணம் தன்னையறியாமல் படியும் என்பது பிரபுவின் வாதம்.

1985ல் வந்த ஒரு மதிப்பீடு, சில ஐயங்களைச் சொல்லிவிட்டு, மொத்தத்தில் இந்த வகுப்புகளுக்குச் சாதகமாகவே பேசியது. 1987ல் பிரபுவின் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வெளிவந்தது. இன்றைக்கு உலகம் பூராவும் 'வேலை வழி மொழிக் கற்பித்தல்' என்று பேசுகிறவர்கள் பெங்களூரிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள். நாம் அந்த ஊரிலேயே வாடகை கொடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் தமிழுக்கு 144 போடுகிறோம். என்ன கொடுமை சார் இது!

கவனியுங்கள். அந்தத் திட்டம் இங்கிலீஷை வளர்த்தது வகுப்பறையில். பிள்ளைகளின் வீட்டுக்குள் போய் அப்பா அம்மா வாயில் துணி அடைக்கவில்லை. இங்கிலீஷ் சொல்லித் தருவது பள்ளிக்கூடத்தின் வேலை. அதற்குத்தான் ஃபீஸ் கட்டுகிறோம், அதுவும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையை நம் வீட்டுக்கே அவுட்சோர்ஸ் பண்ணுவது எந்த ஊர் நியாயம்?

அல்சூர் மார்க்கெட் பக்கம் போயிருப்பீர்கள். 1809ல் பிரிட்டிஷ்காரன் இங்கே கன்டோன்மென்ட் போட்டதிலிருந்து, பட்டாளத்தின் பின்னாலேயே சென்னை மாகாணத்துத் தமிழர்கள் வியாபாரியாக, சமையல்காரராக, கூலியாக வந்து குடியேறிய பகுதி. அங்கே காய்கறிக் கடை போட்டிருக்கும் ஒரு அம்மா, எனக்குத் தமிழில் விலை சொல்லி, பக்கத்துக்காரருக்குக் கன்னடத்தில் சொல்லி, அடுத்தவரோடு உருதுவில் பேரம் பேசி, ஐ.டி. பையனிடம் "லாஸ்ட் ப்ரைஸ், டேக் இட் ஆர் லீவ் இட்" என்கிறார். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் படித்தார்? அவர் வீட்டில் யாராவது தமிழ் பேசத் தடை போட்டார்களா? அந்த 'டேக் இட் ஆர் லீவ் இட்' ஒரு மரபுத்தொடர். சரியான இடத்தில், சரியான தொனியில் வந்து விழுகிறது. நான் அதைப் பத்து மார்க்குக்குப் படித்தேன். அவர் பத்து ரூபாய்க்குக் கற்றுக்கொண்டார். யாருடையது உறுதி?

இப்படி வேலை வழியாகக் கற்றவர்களைக் கேலி செய்வதும் புதுசு இல்லை. 1886ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு பதிவு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் துரை வீட்டு வேலைக்காரர்கள் பேசிய உடைந்த ஆங்கிலமாம் அது. "ஐ டெல்லிங்" என்றால் சொல்வேன், "ஐ டன் டெல்" என்றால் சொல்லிவிட்டேன். கேலியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிதானமாகப் பாருங்கள். நடக்கப்போவதற்கு ஒரு வடிவம், நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், காது வழியாக மட்டும் கேட்டு, தாங்களாகவே ஒரு ஒழுங்கைக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் துரைமார்களில் எத்தனை பேர் சமையல்காரரிடம் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் தமிழில் சொன்னார்கள்?

துரை போய்விட்டான், கேலி போகவில்லை. 2000களில் இந்த ஊர் கால் சென்டர்களில் 'எம்.டி.ஐ.' என்று ஒரு வார்த்தை புழங்கியது. ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தாய்மொழித் தாக்கமாம். இன்டர்வியூவில் ஒரு பையனை நிராகரிக்க அந்த மூன்று எழுத்து போதும். ராத்திரி பூராவும் அமெரிக்கக் குரலில் பேசவைத்து, பேரையும் 'சாம்' என்று மாற்றி வைத்தார்கள். அதே இங்கிலீஷ்காரன் நம்ம 'ஐயோ'வை 2016ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏற்றிக்கொண்டான். அவனுக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது?

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

"நீ இங்கிலீஷை வைத்துச் சம்பாதித்துவிட்டு மற்றவனுக்கு வேண்டாம் என்கிறாயா?" அய்யா, நான் எங்கே வேண்டாம் என்றேன்? எனக்குச் சோறு போடுகிற மொழி. என் பெண்ணுக்கும் வேண்டும், என்னைவிட நன்றாகவே வேண்டும். அதற்கு விலையாக வீட்டுப் பேச்சைக் கேட்காதே என்கிறேன். அவ்வளவுதான்.

"காதில் அதிகம் விழுந்தால் நல்லதுதானே?" நல்லதுதான். நல்ல இங்கிலீஷ் விழுந்தால். இங்கிலீஷில் கொஞ்சவும், திட்டவும், கதை சொல்லவும் தெரிந்த பெற்றோர் தாராளமாகப் பேசுங்கள், தமிழையும் சேர்த்து. எங்களை மாதிரி ஸ்டேட்டஸ் மெயில் இங்கிலீஷும் நாலு கட்டளை வார்த்தையும் வைத்திருப்பவர்கள் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது கஞ்சித் தண்ணி. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பு தேறாது.

"பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ் தமிழ் என்றால்?" நல்ல கேள்வி. என் பெண் இரண்டாம் மாடிப் பிள்ளைகளோடு விளையாடியே கன்னடம் பேசுகிறாள். "ஈக நன்ன டர்ன்" என்று சண்டை போடுகிறாள். கன்னடத்துக்காக வீட்டில் யாரும் தமிழை நிறுத்தவில்லை. யாரும் டியூஷன் வைக்கவில்லை. விளையாட்டு வேண்டியிருந்தது, மொழி வந்தது. இத்தனை வருஷம் இருந்தும் "கன்னட கொத்தில்ல" என்றே காலம் தள்ளுகிற அப்பன்மார்கள்தான் வெட்கப்பட வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். வீட்டுப் பேச்சு தமிழ். இங்கிலீஷுக்கு வேலை கொடுக்கிறோம். புது மிக்ஸி வந்தால் கூட வரும் தாளைப் படித்து எப்படி மாட்டுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். கிரிக்கெட் கமெண்டரி இங்கிலீஷில் ஓடும், நடந்தது என்ன என்று ஆச்சிக்குப் போனில் தமிழில் சொல்ல வேண்டும். போன மாதம் ஊருக்குப் போகும் வேலையையே கொடுத்தோம். மைசூரு-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு நம்ம ஸ்டேஷனுக்கு வருகிறது, கோவில்பட்டிக்கு எப்போது போய்ச் சேரும், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சில்க் போர்டு டிராஃபிக்குக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும், எல்லாம் அவள் பொறுப்பு. பிரபு சார் வகுப்புதான், டைனிங் டேபிளில்.

ரயில் பக்கம் இங்கிலீஷில். எங்கள் விவாதம் தமிழில். முடித்துவிட்டு, கிளம்ப வேண்டிய நேரத்தை ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கதவில் ஒட்டினாள். ஸ்பெல்லிங் இரண்டு தப்பு. ஆனால் 'பை' இருக்க வேண்டிய இடத்தில் 'பை' இருந்தது. நான் சொல்லித் தரவில்லை.

வகுப்பில் தயக்கம் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது. இந்த வருஷக் கூட்டத்தில் வேறு டீச்சர், அதே கேள்வி, வீட்டில் என்ன மொழி? "தமிழ்தான் மேடம், அப்படியேதான் இருக்கும்" என்றாள் தங்கமணி. இங்கிலீஷில்தான் சொன்னாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தீபாவளிக்கு வருகிறாள். இந்தத் தடவை இரண்டு மூட்டை கதை இருக்கிறதாம்.

திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். தமிழில் திட்டுங்கள், அதில்தான் நமக்கு வார்த்தை பஞ்சமில்லை. :-)